ரப்பர் மீன் நேராக நீந்த வேண்டும்: கவார்த்தா ஏரிகளிலும் சிம்கோவிலும் ஸ்விம்பெய்ட்டால் பாஸ் பிடிப்பது

மென்பிளாஸ்டிக்கில் வார்த்த சிறுமீன் உருவம். வால் நுனியில் துடுப்புப்போல் தட்டையான ஒரு தகடு. இதைத்தான் கடையில் ஸ்விம்பெய்ட் என்று விற்கிறார்கள். ‘ரப்பர் மீன்’ என்றாலே எல்லோருக்கும் விளங்கிவிடும். இழுத்தால் வால் இடமும் வலமுமாக அடிக்கும், அந்த அடியில் உடம்பும் இலேசாக உருளும், தண்ணீரில் அதிர்வு பரவும். கலங்கிய நீரில் பாஸ் என்ற நன்னீர் வேட்டைமீன் அந்த அதிர்வைப் பக்கக்கோட்டால் (உடம்பின் பக்கத்தில் ஓடும் உணர்வுக்கோடு) உணர்ந்த பிறகுதான் கண்ணால் தேடத் தொடங்கும்.

எறிந்துவிட்டுச் சுருட்டினால் போதும், புதியவர்களுக்கு ஏற்றது என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் நாள் முழுக்க நிறத்தை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிழையோ கோர்த்த விதத்திலும் ஈயத்தின் எடையிலும் இருக்கும். அதனால் இந்தக் குறிப்பில் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம்.

மனத்தில் வைத்திருப்பது ரொறன்ரோவிலிருந்து காரில் ஒரு காலைக்குள் போய்ச் சேரக்கூடிய ஏரிகளை. ரைஸ், பிஜன், ஸ்டர்ஜன், ஸ்குகோக் போன்ற கவார்த்தா ஏரிகள் ஆழம் குறைந்தவை, பாசி நிறைந்தவை. லார்ஜ்மவுத் பாஸுக்குப் பேர்போனவை. சிம்கோ ஆழமும் தெளிவும் கொண்டது. அங்கே ஆள் இன்னொரு பாஸ் வகையான ஸ்மால்மவுத்.

முதலில் சட்டம், சுருக்கமாக. ஒன்ராறியோவில் வசிக்கும் 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு உரிமம் வேண்டும். தென் ஒன்ராறியோவில் பாஸ் பருவம் பெரும்பாலும் ஜூன் பிற்பாதியில்தான் திறக்கும். அதற்கு முன், பிடித்து விட்டுவிடுகிறேன் என்று சொல்லியும் பாஸைக் குறிவைக்கக் கூடாது. காரணம் இருக்கிறது: முட்டைக் கூட்டைக் காப்பது ஆண் மீன். அதைச் சில நிமிடம் தூக்கினாலே சூரியமீன் கூட்டம் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். கவார்த்தா மீன்பிடி மண்டலம் 17, சிம்கோ மண்டலம் 16. திறக்கும் நாளும் எத்தனை மீன் எடுக்கலாம் என்பதும் மாகாண அரசின் அந்த ஆண்டு விதித்தொகுப்பில் மண்டல வாரியாக இருக்கும்.

எதை வாங்குவது

அளவு அங்குலத்தில்தான் வரும். முதல் முறைக்கு இரண்டு பாக்கெட் போதும்: ஸ்மால்மவுத்துக்கு 3 அங்குலத்தை ஒட்டிய ஒன்று, லார்ஜ்மவுத்துக்கு 4 அங்குலத்தை ஒட்டிய ஒன்று. கெய்டெக் நிறுவனத்தின் ஸ்விங் இம்பாக்ட் ஃபாட் 2.8, 3.3, 3.8, 4.3 என்ற அளவுகளில் கிடைக்கிறது. உடம்பு முழுக்க வளையம் வளையமாக வெட்டு இருப்பதால் மிக மெதுவாக இழுத்தாலும் வால் அடிக்கும். குறை, மிக மென்மையானது என்பது. இரண்டு மூன்று மீன் கடித்தால் தலைப்பக்கம் கிழியும், பேர்ச் என்ற சிறுமீன் கூட்டம் ஒன்று வந்தால் வாலே போய்விடும். இஸட்மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் வகை அதற்கு நேர் எதிர்: ரப்பர் பட்டைபோல் இழுபடும், இலகுவில் கிழியாது, தானாக மிதக்கும். ஆனால் கோர்க்கும்போது கையோடு மல்லுக்கு நிற்கும், பசையும் சரியாக ஒட்டாது. பழகும்வரை மென்மையானதில் தொடங்குவதே நல்லது. வால் எப்படி அடிக்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கூடவே வேண்டியவை: தூண்டில் முள்ளோடு ஈயத்தைச் சேர்த்து வார்த்த உருண்டை ஜிக் ஹெட், 1/8, 1/4, 3/8 அவுன்ஸில் சில. அதாவது ஏறத்தாழ 3.5, 7, 10.5 கிராம். பாசிக்குள் எறிய, தண்டில் ஈயம் பொருத்தி, கண்ணருகே சுருள்கம்பி வைத்த அகன்ற முள், 4/0 அளவில் சில. சிறு புட்டி சூப்பர் குளூ. நீண்ட மூக்குக் குறடு.

முள்ளின் அளவு உடம்புக்கு ஒத்துவர வேண்டும். 2.8 அங்குலத்துக்கு 1/0 அல்லது 2/0, 3.3க்கு 2/0 அல்லது 3/0, 3.8க்கு 3/0 அல்லது 4/0. முள் உடம்பின் முன்பாதிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பெரிய முள்ளாக இருந்தால் நன்றாகக் கொக்கும் என்று நினைத்து 3.3க்கு 5/0 போடுகிறவர்கள் உண்டு. தண்டு வால்வரை நீண்டு, உடம்பு குச்சிபோல் விறைத்து, வால் அடிக்கவே இடமில்லாமல் போகும்.

ஜிக் ஹெட்டில் கோர்ப்பது

ரப்பர் மீனை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முதுகிலும் வயிற்றிலும் நடுவே ஒரு மெல்லிய கோடு ஓடும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த தடம் அது. நடுக்கோட்டைக் கண்டுபிடிக்க வேறு அளவுகோல் தேவையில்லை.

ஜிக் ஹெட்டை மீனின் பக்கத்தில் வைத்து, ஈயத்தின் பின்விளிம்பை மூக்கு நுனியோடு ஒட்டிப் பிடியுங்கள். முள் வளையத் தொடங்கும் இடம் முதுகில் எங்கே வருகிறதோ, அங்கே நகத்தால் ஒரு கீறல். முள் வெளியே வர வேண்டிய இடம் அதுதான். இந்த ஒரு படியைத் தவிர்த்துக் கண்மட்டத்துக்குக் குத்துவதால்தான் பத்தில் எட்டுப் பேரின் மீன் கோணலாகிறது.

அடுத்து மூக்கின் நட்டநடுவில் குத்துங்கள். முள்ளைத் தள்ளுவதைவிட, முள்ளை அசையாமல் பிடித்து ரப்பரை அதன்மேல் சிறிது சிறிதாக ஏற்றுவது சுலபம். கீறலுக்குக் கீழே வந்ததும் முனையை முதுகுக் கோட்டின்மேல் வெளியே எடுங்கள். இன்னும் ஈயத்தோடு ஒட்டாமல் மூன்று நான்கு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்போது தண்டில் ஒரு சொட்டுப் பசை விட்டு, தள்ளிச் சேர்த்துப் பத்து விநாடி பிடியுங்கள். பசை போடாவிட்டால் ஒவ்வொரு பாசி இழுப்புக்கும் ரப்பர் தண்டில் சரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும்.

இப்போது மூக்குப் பக்கமிருந்து பாருங்கள். ஈயம், முதுகுக்கோடு, வால் தண்டு மூன்றும் ஒரே வரியில் தெரிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் உடம்பு எந்தப் பக்கமும் வளையக் கூடாது, பக்கவாட்டில் பார்த்தால் முதுகு கூனவும் கூடாது. கூனினால் முள் தவறான இடத்தில் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். தயங்காமல் கழற்றி மறுபடி கோர்த்துவிடுங்கள். ஒரே துளையை இரண்டாம் முறை பாவித்தால் அது பழைய வழியிலேயே போகும். மூக்கில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் புதிதாகக் குத்த வேண்டும்.

பாசிக்குள் எறியக் கோர்ப்பது

கவார்த்தாவில் இது இல்லாமல் முடியாது. ஜூலை நடுப்பகுதிக்குள் மில்ஃபாயில் பாசி மேற்பரப்பை எட்டிவிடும். திறந்த முள்ளோடு எறிந்தால் ஒவ்வோர் எறிக்கும் ஒரு கத்தை கீரை வரும்.

சுருள்கம்பியின் ஊசியை மூக்கின் நடுவில் குத்தி, ரப்பரைத் திருகாணிபோல் மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள், மூக்கு முள்ளின் கண்ணைத் தொடும்வரை. முள்ளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, வளைவு உடம்பில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்த இடத்தில் வயிற்றுப் பிளவின் வழியே முனையைச் செங்குத்தாக மேலே குத்தி முதுகில் எடுங்கள். முனை முதுகோடு படுக்க வேண்டும். பிறகு ரப்பரைச் சற்று முன்னே தள்ளி முனையை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தோலுக்குள் மறைத்துவிட்டால் பாசி மாட்டாது. தோலுக்குள்தான், சதைக்குள் இல்லை. ஆழமாகப் புதைத்தால் மீன் கடித்தாலும் முனை வெளியே வராது.

தண்டு ஈயம் 1/16 அவுன்ஸ் என்றால் பாசியின் தலைக்கு மேலேயே ஓட்டலாம், தாமரை இலைகளுக்கு நடுவிலும் இழுக்கலாம். 1/8 என்றால் ஓர் அடி இரண்டு அடி கீழே ஓடும். ஈயம் வயிற்றுப் பக்கம் இருப்பதால் படகின் அடிக்கட்டைபோல் மீனை நிமிர்த்தி வைக்கும். அதே முள்ளை ஈயமில்லாமல் போட்டால் மெதுவாக இழுக்கும்போது நன்றாகத்தான் இருக்கும்; கொஞ்சம் வேகம் கூட்டியதும் மல்லாந்துவிடும்.

எடை: முழு வித்தையும் இங்கேதான்

ஈயத்தின் எடை ஆழத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு மெதுவாக இழுக்கலாம் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. 3/8 அவுன்ஸ் தலையோடு ஐந்து அடி ஆழப் பாசிக்கு மேலே ஓட்ட வேண்டுமானால் வேகமாகச் சுருட்டியாக வேண்டும்; இல்லாவிட்டால் பாசியில் விழும். மீன் சோம்பிக் கிடக்கும் நாளில் அந்த வேகம் உதவாது. அதே இடத்தில் 1/8 போட்டால் வால் மெதுவாக அசைய அசைய, பாசித் தலையைத் தொட்டும் தொடாமலும் போகும். ஆகவே முதலில் ஆழம், அடுத்து வேகம், கடைசியில் எடை என்று கணக்குப் போடுங்கள். நாலைந்து அடிக்கு 1/8, ஆறு முதல் பத்து அடிக்கு 1/4, அதற்குக் கீழே அல்லது காற்று பலமாக வீசினால் 3/8. இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் இலேசானதை எடுங்கள்.

விழும் வேகத்தை ஏரிக்குப் போனதும் கரையில் சோதித்துவிடலாம். 1/4 அவுன்ஸில் 3.8 அங்குல மீன் ஏறத்தாழ விநாடிக்கு ஓர் அடி இறங்கும். நூலின் தடிப்பைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆழம் தெரிந்த இடத்தில் போட்டு, நூல் தொய்யும்வரை எண்ணுங்கள். எட்டு எண்ணியதும் தரை தட்டினால், அடுத்த எறிக்கு ஆறில் சுருட்டத் தொடங்குங்கள். கடி விழுந்த எண்ணை நினைவில் வையுங்கள். அந்த ஆழத்தில் இன்னும் நாலு மீன் நிற்கும்.

குறைந்த வேகத்தையும் அங்கேயே கண்டுபிடிக்கலாம். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் மீனைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே வேகத்தைக் குறையுங்கள். வால் அடிப்பது நின்றுபோகும் ஒரு கட்டம் வரும். அதற்குச் சற்று மேலே இருப்பதுதான் நீங்கள் நாள் முழுக்க இழுக்க வேண்டிய வேகம். 2500 அளவு ரீலில் கைப்பிடியை ஒரு முறை சுற்றினால் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நூல் வரும். பெரும்பாலோர் விநாடிக்கு ஒன்றரைச் சுற்றுப் போடுகிறார்கள். தண்ணீர் குளிர்ந்த செப்டெம்பர், ஒக்டோபரில் அதில் பாதி போதும்.

கோலும் நூலும்

2.8, 3.3 அங்குலத்துக்கு 7 அடி மீடியம் ஸ்பின்னிங் கோல், 10 இறாத்தல் பின்னல் நூல், நுனியில் இரண்டு மீட்டர் 8 இறாத்தல் ஃப்ளோரோகார்பன் தங்கூசி. 4 அங்குலமும் அதற்கு மேலும், குறிப்பாகப் பாசியில், 7 அடி மீடியம் ஹெவி பெய்ட்காஸ்டர் (ரீல் கோலுக்கு மேலே இருக்கும் வகை), 40 அல்லது 50 இறாத்தல் பின்னல் நூல். பாசியில் ஏன் பின்னல் என்றால், அது நீளாது. இழுத்தால் பாசித் தண்டை அறுத்துக்கொண்டு வரும். திறந்த நீரில் 12 அல்லது 15 இறாத்தல் தங்கூசி மட்டும் போதும்; ஃப்ளோரோகார்பன் தண்ணீரில் அமிழும், ரப்பர் மீன் ஆழத்தில் நிற்கும்.

பின்னலையும் தங்கூசியையும் இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும். இறுக்கும் முன் எச்சில் தடவுங்கள். உலர்ந்து இறுகினால் உராய்வுச் சூட்டில் தங்கூசி பலமிழக்கும். ஜிக் ஹெட்டை நூலில் நேரே கட்டுங்கள். சுழலி தேவையில்லை, நூல் முறுக்கேறுகிறது என்றால் உங்கள் மீன் சுழல்கிறது, கோர்த்ததைத்தான் திருத்த வேண்டும்.

எங்கே, எப்போது

பருவம் திறந்ததும் ஜூன் கடைசியில் லார்ஜ்மவுத் கரையோரத்தை விட்டு முழுதாகப் போயிருக்காது. மூன்று நான்கு அடித் தண்ணீரில் பழைய படகுத்துறைகள், நாணல் ஓரம், புதிதாக எழும் பாசி ஆகியவற்றில் 1/16 அல்லது 1/8 பாசி முள்ளோடு தேடுங்கள். ஜூலை, ஓகஸ்டில் ஆள் பாசிச் சுவருக்கு நகரும். எட்டு, பத்து அடியில் பாசி சட்டென முடிந்து வெறுந்தரை தொடங்கும் விளிம்பு அது. படகை விளிம்புக்கு இணையாக நிறுத்தி, சுவரை ஒட்டியே நீளமாக எறியுங்கள். குறுக்கே எறிந்தால் மீன் நிற்கும் இடத்தில் உங்கள் இரை இரண்டு விநாடிதான் இருக்கும்.

பாசியில் மாட்டினால் மெல்ல இழுத்து விடுவிக்காதீர்கள். கோல் நுனியைச் சட்டென ஒரு முறை சுண்டுங்கள். பாசி அறுந்து ரப்பர் மீன் துள்ளி வெளியே வரும்; மேலே இருந்து விழும் அந்த ஒரு விநாடியில்தான் பாதிக் கடிகள். இலையுதிர் காலத்தில் பாசி பழுப்பாகி அழுகத் தொடங்கும். இன்னும் பச்சையாக மிஞ்சியிருக்கும் திட்டைக் கண்டுபிடித்தால் அந்தப் பகுதியின் மீன்களெல்லாம் அங்கேதான்.

சிம்கோ கதை வேறு. பாறைத் திட்டுகள், 10 முதல் 25 அடி, தெளிந்த நீர். 3.3 அங்குலத்தை 1/4 அல்லது 3/8 தலையில் கோர்த்துத் தரைவரை விட்டு, ஓர் அடி உயர்த்தி, தட்டாமல் இழுங்கள். அங்கே ஸ்மால்மவுத்தின் முக்கிய இரைகளில் ஒன்று, வெளியிலிருந்து வந்து குடியேறிய உருண்டைக் கோபி மீன். அதற்குக் காற்றுப்பை கிடையாது. தரையை விட்டு எழாது. உங்கள் இரையும் நடுநீருக்கு ஏறிவிடக் கூடாது. வரிக்குதிரை மட்டிகள் பாறையெங்கும் ஒட்டியிருப்பதால் பத்து எறிக்கு ஒரு முறை தங்கூசியின் கடைசி அரை மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

நிறம்: தெளிந்த நீருக்கு வெள்ளி, சாம்பல், புகைநிறம். தேநீர் நிற நீருக்குப் பச்சைப் பூசணி அல்லது பேர்ச் மீனின் மஞ்சள் பச்சை. சேற்று நீருக்கு வெள்ளை அல்லது கறுப்பு. இதற்கு மேல் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கடி

‘டொக்’ என்று ஓர் அடி வரலாம். பெரும்பாலும் அப்படி வராது. வால் அடிப்பதின் துடிப்பு கோல் நுனியில் தொடர்ந்து தெரிந்துகொண்டே இருக்கும். அது திடீரென நின்றுபோகும், அல்லது ஈரத் துணியை இழுப்பதுபோல் பாரமாகும். பாசியாகவும் இருக்கலாம், பாஸாகவும் இருக்கலாம். விராலுக்குத் தவளையைப் போட்டுப் பழகியவர்கள் விழுங்கட்டும் என்று காத்திருப்பார்கள். இங்கே காத்திருந்தால் பிளாஸ்டிக் என்று தெரிந்து துப்பிவிடும். அதற்காக உடனே பலமாக வெட்டி இழுத்தாலும் வாயிலிருந்து பிடுங்கிவிடுவீர்கள். ஜிக் ஹெட்டில் திறந்த முள் என்றால் சுருட்டுவதை நிறுத்தாதீர்கள்; கோல் வளைந்து பாரம் ஏறியதும் பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். பாசி முள் என்றால் மட்டும் தொய்வை முழுக்கச் சுருட்டி எடுத்துவிட்டு ஓங்கி இழுக்க வேண்டும். முனை முதலில் ரப்பரைக் கிழித்து வெளியே வந்தாக வேண்டுமே.

பாஸ் துள்ளும்போது கோல் நுனியைத் தாழ்த்தித் தண்ணீரோடு வையுங்கள், நூல் தொய்யக் கூடாது. வாய்க்கு வெளியே தொங்கும் ஈயம் ஒவ்வொரு தலையாட்டலிலும் சுத்தியல்போல் ஆடி முள்ளைக் கழற்றும். கனத்த தலையில் அதிகம் மீன் தப்புவது இதனால்தான். ரீலிலிருந்து நூல் வழுகத் தொடங்கும் இழுவிசை, நூல் வலுவில் நான்கில் ஒரு பங்கு இருக்கட்டும்.

பிழைகள்

ரப்பர் மீன் ஒரு பக்கம் சாய்ந்து ஓடுகிறது அல்லது சுழல்கிறது: கோணலாகக் கோர்த்தது, அல்லது அந்த எடைக்கு வேகம் கூடிப்போனது. முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். மாறாவிட்டால் கழற்றுங்கள்.

வால் அடிக்கவில்லை: பாக்கெட்டில் மடிந்து கிடந்திருக்கும். கொதித்து இறக்கிய வெந்நீரில் பதினைந்து விநாடி முக்கி, நேராக்கி, குளிர்ந்த நீரில் போடுங்கள். வால் தண்டு மிகத் தடிப்பாக இருந்தாலும் மெதுவான வேகத்தில் அடிக்காது. அது வேகமாக இழுக்க வார்த்தது.

வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகிறது: மீன் பின்தொடர்ந்து வருகிறது, முழுதாக நம்பவில்லை. வாலை வெட்டாதீர்கள். மூக்கிலிருந்து ஓர் அரை அங்குலம் வெட்டிவிட்டுக் கோர்த்தால் முள் வாலுக்கு அருகே போகும். அதுவும் உதவாவிட்டால் ஓர் அளவு சிறியதுக்கு இறங்குங்கள், அல்லது சுருட்டும்போது நடுவில் ஒரு விநாடி நிறுத்திவிட்டுத் திடீரென வேகமெடுங்கள்.

நூல் ஓசையில்லாமல் அறுந்துபோய்ச் சுத்தமாக வெட்டுப்பட்டு வருகிறது: மஸ்கி, கூரிய பற்கள் கொண்ட பெரிய வேட்டைமீன். கவார்த்தா ஏரிகளில் அது எப்போதும் உண்டு, 8 இறாத்தல் தங்கூசி அதன் பல்லுக்கு ஒன்றுமே இல்லை. ஒரே இடத்தில் இரண்டு முறை நடந்தால் 20 சென்டிமீட்டர் மெல்லிய டைட்டேனியம் கம்பியைச் சேர்க்கலாம். வாலின் ஆட்டம் கொஞ்சம் குறையும். பெரிய குறடும் முள் வெட்டியும் கையில் இல்லாமல் அதைப் படகுக்குள் ஏற்றாதீர்கள். தண்ணீரிலேயே வைத்து முள்ளை வெட்டிவிடுங்கள்.

பெட்டியில் எல்லாம் உருகி ஒட்டிக்கொண்டது: எலாஸ்டெக்கையும் மற்ற மென்பிளாஸ்டிக்கையும் ஒன்றாகப் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேதிமுறையில் ஒத்துப்போகாது. ஒரு வெயில் நாளில் கூழாகிவிடும். ஒவ்வொன்றும் அதனதன் பாக்கெட்டிலேயே, வால் நேராக, வெயில் படாமல் இருக்கட்டும். கிழிந்து போனவற்றை ஏரியில் எறியாதீர்கள். மீன் விழுங்கினால் செரிக்காது. வால் நன்றாக இருக்கும் பழைய உடம்பை மூக்கில் வெட்டிச் சிறு முள்ளில் பேர்ச்சுக்குப் போடலாம்.